பீடி சுற்றும் பெண்ணுக்கு நான்கு மருத்துவத் திட்டங்கள்: கூலி இழப்பை வைத்து ஒரு மதிப்பீடு

மேலப்பாளையம், முக்கூடல், பொட்டல்புதூர், கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம். நெல்லையிலிருந்து தென்காசி வரை எந்த ஊருக்குள் நுழைந்தாலும் வீட்டு நடையில் சொளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கைவேகத்தைப் பொறுத்து ஆயிரம் சுற்ற எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். காய்ச்சலில் படுத்தால் அன்று பீடி இல்லை, பீடி இல்லையென்றால் கூலியும் இல்லை. இவர்களுக்கும் இவர்களைப் போன்ற உழைப்பாளிகளுக்கும் என்று இருக்கிற நான்கு மருத்துவத் திட்டங்களை இங்கே எடைபோடுகிறோம். மருந்து கிடைக்கிறதா, டாக்டர் இருக்கிறாரா என்பவை முக்கியம்தான். ஆனால் வேலையையும் உடல்நலத்தையும் சேர்த்துப் பார்க்கிற பொருளாதாரம் முதலில் கேட்க வேண்டியது வேறு: நோய் வந்த நாளின் கூலியை யார் தருகிறார்கள்?

இந்தக் கேள்வியை ஏன் முதலில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். நோயின் செலவு மூன்று வகை. டாக்டர், மருந்து, பரிசோதனைக்குக் கொடுப்பது ஒன்று. பஸ், சாப்பாடு, கூட வருகிறவர் செலவு இரண்டாவது. வேலைக்குப் போகாததால் வராமல் போன கூலி மூன்றாவது. மருத்துவச் செலவு ஒரு குடும்பத்தைச் சாய்த்துவிட்டதா என்று பார்க்க உலக அளவில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய கோடு, குடும்பத்தின் மொத்தச் செலவில் 10 சதவீதம் அல்லது 25 சதவீதம். அந்தக் கணக்கில் ஏறுவது மருத்துவத்துக்காகக் கையிலிருந்து கொடுத்த பணம் மட்டும். வராமல் போன கூலி ஏறாது. அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசமாக முடிந்த ஒரு பெண் அந்தப் புள்ளிவிவரத்தில் செலவே இல்லாதவராகப் பதிவாவார். பத்து நாள் பீடி போனது எந்தக் கட்டத்திலும் இருக்காது.

கணக்குக்காக ஆயிரம் பீடிக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்க் கூலி வேறாக இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், வாதம் மாறாது.

முதலில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர்களுக்கு நடைமுறையில் இது இல்லை. இருந்தும் இதிலிருந்தே தொடங்குகிறோம், ஏனென்றால் நான்கில் கூலிக்கு ஈடு தருவதையே முதன்மையான வேலையாக வைத்திருப்பது இது ஒன்றுதான். பத்துப் பேர் வேலை செய்கிற இடம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ வரும். 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். நோய்வாய்ப்பட்டால் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. வேலையில் அடிபட்டால் 90 சதவீதம். பிரசவத்துக்கு 26 வாரம்.

கங்கைகொண்டான் சிப்காட்டில் தினம் 500 ரூபாய் வாங்குகிற ஒருவர் ஏழு நாள் படுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாள், அதற்குப் பணம் இல்லை. மீதி ஐந்து நாளுக்கு 350 வீதம் 1,750 ரூபாய் வரும். அதே ஏழு நாள் ஒரு பீடிப் பெண் படுத்தால் 1,750 ரூபாய் போகும். ஒரே காய்ச்சல், ஒரே மாவட்டம். ஒருவருக்கு வருகிற தொகை மற்றவருக்குப் போகிற தொகை.

இஎஸ்ஐயில் எங்கே சிக்கல் வருகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். நோய்க்கால உதவிக்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பணம் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. புதிதாகச் சேர்ந்தவருக்கு மருத்துவம் உடனே உண்டு, ஆனால் நோய்க்காலப் பணம் முதல் ஒன்பது மாதம் கிடைக்காது. இது தெரியாமல் வண்ணார்பேட்டை இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போய் வருத்தப்பட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. கான்ட்ராக்டர் மாறும்போது நாள் கணக்கு அறுந்துபோவது இன்னொரு சிக்கல். மாதா மாதம் மத்திய அரசின் உமாங் செயலியில் உங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டு எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 78-க்கு இரண்டு நாள் குறைந்தாலும் அந்த அரையாண்டு முழுக்கப் போய்விடும். மதிப்பெண்: உள்ளவர்களுக்கு ஐந்துக்கு நாலு. பீடி சுற்றுகிறவருக்கு மதிப்பெண் போட இடமில்லை.

அடுத்தது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது, படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சை, வலி தணிப்பு, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்களுக்கான பைகள் ஆகியவை இதில் வரும். மகளிர் குழுக்களிலிருந்து எடுத்த தன்னார்வலர்கள் பிரஷர் கருவியோடும் சர்க்கரை பார்க்கிற கருவியோடும் வீடு வீடாக வருகிறார்கள்.

பீடிப் பெண்ணின் கணக்கில் இதன் மதிப்பு மாத்திரையின் விலையோடு முடிவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று மாத மருந்து வாங்கி வர அரை நாள் ஆகும். 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, மருந்துக்கும் காசு இல்லை. மிஞ்சுகிற செலவு 500 பீடி. அதாவது 125 ரூபாய், ஆண்டுக்கு 1,500 ரூபாய். மாத்திரை வாசலுக்கு வருகிறபோது அந்த 1,500 மிச்சம். எந்த பில்லிலும் இல்லாத இந்தத் தொகைதான் பலரைப் பாதியில் மாத்திரையை விடவைக்கிறது. சர்க்கரைக்கு உடனே வலி கிடையாது. போகிற அரை நாள் கூலி அன்றைக்கே தெரியும். இலவசமாகவே இருந்தும் சிகிச்சை ஏன் நின்றுபோகிறது என்பதற்கு விழிப்புணர்வு இல்லை என்று காரணம் சொல்வது சுலபம். அரை நாள் கூலிக்கு வழிசெய்துவிட்டு அதைச் சொன்னால் நியாயம்.

ஆனால் வாசலில் நடக்கிற பரிசோதனையில் பிழை வர இடம் உண்டு. தன்னார்வலர் வந்து நின்றதும், "ஏ பிள்ள, செத்த இரு, இந்தக் கட்ட முடிச்சிருதேன்" என்று கை ஓடிக்கொண்டிருக்கும். கட்டு முடிந்த கையோடு பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தால் எண் கூடத்தான் காட்டும். புகையிலைத் தூளைத் தொட்டுக்கொண்டே இருக்கிறவருக்குத் தோல் வழியாகவும் நிகோடின் உள்ளே போகும், அது அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றும். குனிந்த முதுகு, மடியில் தொங்குகிற கை இரண்டும் சேர்ந்து இன்னும் கூட்டும். சொளவை இறக்கி வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுவரில் சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்துக்கு வர அடியில் ஒரு தலையணை வைக்க வேண்டும். பட்டை சின்னதாக இருந்தாலும் எண் கூடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுத வேண்டும். வேறொரு நாளிலும் 140/90-க்கு மேலே இருந்தால்தான் பிரஷர் என்று முடிவுக்கு வரலாம்.

சர்க்கரைக்கு எந்த விரலில் குத்துவது என்பதும் இவர்களுக்கு முக்கியம். பீடி உருட்டி முனை மடக்குகிற கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தோல் தடித்திருக்கும், அங்கே குத்தினால் சொட்டு வராது. பிழிந்து எடுத்தால் திசு நீர் கலந்து அளவு பிசகும், நாளைக்குச் சுற்றவும் விரல் நோகும். மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தச் சொல்லுங்கள். கழுவின கை காய்ந்திருக்க வேண்டும், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் அது உலரும்வரை பொறுக்க வேண்டும்.

திட்டத்தின் பெரிய குறை வேறு. இது தேடுவது பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவான நோய்களை. தொழில் கொண்டுவருகிற நோய்களைத் தேடும் ஏற்பாடு வீட்டு வாசலில் இல்லை. ஒரு பீடியில் 0.15 முதல் 0.25 கிராம் தூள் என்றால் ஆயிரத்துக்கு 150 முதல் 250 கிராம். அதைத் தினமும் மூக்குக்குக் கீழே வைத்து அள்ளுகிறவருக்கு நுரையீரல் பரிசோதனைதான் முதலில் வேண்டும். மூச்சு வெளிவருகிற வேகத்தை ஊதிப் பார்க்கிற சிறிய பீக் ஃப்ளோ மீட்டர் விலை அதிகமில்லாத பிளாஸ்டிக் குழாய். வேலையால் வருகிற ஆஸ்துமாவா என்று கண்டுபிடிக்க, வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் தினம் நாலு முறை ஊதி, இரண்டு வாரத்துக்கு மேல் எழுதி வைக்க வேண்டும். வீட்டிலேயே வேலை செய்கிறவருக்கு ஓய்வு நாள் என்றால் தூள் வாளியையும் வெளியே எடுத்து வைத்த நாள். அப்படி எடுத்து வைக்காவிட்டால் இரண்டு வரிசை எண்ணும் ஒன்றாகவே இருக்கும், நோய் இல்லை என்று தவறாக முடிவாகும்.

வயதும் ஒரு பிரச்சினை. திட்டம் தொடங்கியபோது வீட்டு மருந்துக்கு 45 வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் முன்னுரிமை. முப்பத்தைந்து வயதில் இடுப்பு பிடித்து, இருமலோடு சுற்றுகிற பெண் அந்தப் பட்டியலில் இல்லை. 2024-இல் திட்டத்தைத் தொழிற்கூடங்களுக்கும் விரித்தது நல்ல காரியம். ஆனால் நெல்லைச் சீமையில் பெரிய தொழிற்கூடம் வீட்டு நடைதான். அதைத் தொழிற்கூடமாகக் கணக்கெடுக்காதவரை அந்த விரிவு இங்கே பாதிதான் வேலை செய்யும். மதிப்பெண்: மூன்றரை. நுரையீரலையும் இடுப்பையும் சேர்த்தால் தயங்காமல் நாலரை கொடுக்கலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டைச் சுருக்கமாகவே சொல்லலாம், பலருக்கும் பழக்கமானது. ஆண்டு வருமான வரம்பு 72,000-ஆக இருந்து 2022-இல் 1,20,000 ரூபாய் ஆனது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றோடும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். தென்காசிக்காரர்கள் 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு தென்காசியிலேயே. ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ பெரிய சிகிச்சை என்றால் இந்தக் கார்டு குடும்பத்தைக் காப்பாற்றும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இது முக்கியமாகப் படுக்கையில் சேர்ந்து செய்கிற சிகிச்சைக்கானது. இருமலுக்கும் மூட்டு வலிக்கும் மாதா மாதம் தனியார் கிளினிக்கில் கொடுக்கிற காசு இதற்குள் வராது, கூலி இழப்பு வரவே வராது. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னால் அந்த மாதக் கூலி முழுக்கப் போகும். அந்த ஒரு மாதத்துக்காகவே கர்ப்பப்பை ஆபரேஷனையும் குடலிறக்க ஆபரேஷனையும் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். மதிப்பெண்: மூன்று.

நான்காவது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் தொழிலாளர் நல அமைப்பு. பீடித் தொழிலாளர்களுக்கென்றே உள்ளது. 1976-இல் வந்த நல நிதிச் சட்டங்களின் கீழ் உற்பத்தியாகிற பீடிக்குத் தீர்வை பிடித்து, அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி, மருந்தகம், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி என்று நடத்தினார்கள். முக்கூடலில் உள்ள 30 படுக்கை ஆஸ்பத்திரி அப்படி வந்தது. தொழில் உண்டாக்குகிற நோய்க்குத் தொழிலே செலவழிக்க வேண்டும் என்ற நல்ல கொள்கை அதற்குள் இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வை போய்விட்டது. இப்போது பணம் மத்திய பட்ஜெட் ஒதுக்கீட்டிலிருந்து வருகிறது. எத்தனை கோடி பீடி சுற்றினாலும் நிதி அதோடு சேர்ந்து ஏறாது.

உதவித் தொகை தாளில் பெரியது: சிறு அறுவைக்கு 30,000 முதல் புற்றுநோய்க்கு 7.5 லட்சம் ரூபாய் வரை. சிக்கல், இது முதலில் கைக்காசைப் போட்டுவிட்டு பிறகு திரும்பப் பெறுகிற முறை. 20,000 ரூபாய்க்கு ஒரு சிகிச்சை என்று வையுங்கள். கையில் இல்லாதவர் நூற்றுக்கு அஞ்சு வட்டிக்கு வாங்கினால் மாதம் ஆயிரம். ஆறு மாதம் கழித்து 20,000 முழுசாகத் திரும்பி வந்தாலும் 6,000 வட்டிக்குப் போயிருக்கும். உதவியின் மதிப்பில் 30 சதவீதத்தைத் தாமதமே தின்றுவிடுகிறது. ஆகவே முடிந்தவரை காப்பீட்டுக் கார்டில் பணமில்லாமல் நடக்கிற சிகிச்சையை முதலில் பாருங்கள். அதில் வராததற்கு மட்டும் இதை நாடுங்கள்.

இன்னொரு குறை பாஸ் புத்தகம். சுற்றிக் கொடுத்த பீடிக் கணக்கைப் பதிகிற கம்பெனி பாஸ் புத்தகமும் அடையாள அட்டையும் ஒருவர் பெயரில் இருக்கும், சுற்றுவது மூன்று பேர். மாமியார் இலை வெட்டுவார், மருமகள் உருட்டுவார், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை முனை மடக்கும். தூள் மூன்று பேர் நெஞ்சிலும் ஏறும், தொழிலாளி என்ற அங்கீகாரம் ஒருவருக்கு. அட்டைக்காரர் நோய்வாய்ப்பட்டாலும் புத்தகத்தில் பீடி எண்ணிக்கை குறையாது, ஏனென்றால் பிள்ளை அந்தக் குறையைச் சுற்றிக் கொடுத்துவிடும். நோயின் செலவு பள்ளிப் படிப்புக்கு மாறிவிடுகிறது. மதிப்பெண்: இரண்டரை.

இந்தப் பக்கம் ஆய்வுக்கு வருகிறவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். கம்பெனிப் பட்டியலை வாங்கி அதிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தால், நோய் முற்றி வேலையை விட்டவர்கள் ஏற்கெனவே அதில் இல்லை. மிச்சமிருப்பவர்கள் ஓரளவு திடமானவர்கள்; பீடித் தொழில் உடம்புக்கு அவ்வளவு கெடுதல் இல்லை என்பதுபோல முடிவு வரும். தெருவை எடுத்துக்கொண்டு, முன்பு சுற்றி இப்போது விட்டவர்களையும் சேர்க்க வேண்டும். "எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை" என்று கேட்டால் பெரும்பாலும் "போகாம என்ன, தினமுந்தான் சுத்துதேன்" என்றுதான் பதில் வரும். முடியாத நாளிலும் 300, 400 என்று சுற்றியிருப்பார்கள். "நல்லா இருக்கும்போது நாளைக்கு எத்தனை, போன வாரம் எத்தனை" என்று பீடிக் கணக்கில் கேட்டால் இழப்பு சரியாக வெளிவரும். வீட்டில் வேறு யார் அந்தக் குறையை நிரப்பினார்கள் என்பது கட்டாயக் கேள்வி. சாதாரண நோய்க்குக் கடந்த 15 நாள், ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்குக் கடந்த 365 நாள் என்று தேசிய மாதிரி ஆய்வு வைத்திருக்கிற கால அளவையே வைத்துக்கொண்டால் ஒப்பிடவும் வசதி.

சிகிச்சையை எல்லோருக்கும் இலவசமாக்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு லண்டனில் 1967-இல் தொடங்கி, பிறகு மைக்கேல் மார்மட் என்ற ஆய்வாளரின் பெயரோடு சேர்ந்துபோன அரசு ஊழியர் ஆய்வு நல்ல பதில். எல்லோரும் சம்பளக்காரர்கள், எல்லோருக்கும் பொது மருத்துவச் சேவை உண்டு. ஆனாலும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயில் இறந்த விகிதம் உயர் அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கு மேல். வேலையின் தரமும் அதன் மேல் நமக்கு இருக்கிற பிடியும் உடம்பில் இறங்குகின்றன. அங்கேயே அப்படி என்றால், உட்கார்ந்தால் கூலி, படுத்தால் இல்லை என்கிற வேலையில் எவ்வளவு இறங்கும்?

ஆகவே நான்கையும் பார்த்தபின் நாம் கேட்பது ஒன்று: இஎஸ்ஐயின் நோய்க்காலக் கூலி வீட்டில் சுற்றுகிறவருக்கும் வர வேண்டும். செய்ய முடியாதது அல்ல. வீட்டில் சுற்றுகிறவரும் கம்பெனியின் தொழிலாளிதான் என்று பிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. பாஸ் புத்தகத்தில் வாரா வாரம் எண்ணிக்கை ஏறுகிறது; அதிலிருந்தே ஆறு மாதச் சராசரி எடுத்து 70 சதவீதம் கணக்கிடலாம். செலவும் அதிகமில்லை. ஆயிரத்துக்கு 250 ரூபாய்க் கூலியில் 4 சதவீதம் 10 ரூபாய். முதலாளிக்கு 8 ரூபாய் 13 காசு, தொழிலாளிக்கு 1 ரூபாய் 87 காசு. 25 பீடி கொண்ட ஒரு கட்டுக்கு மொத்தம் 25 காசு.

அதுவரை செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. வீட்டில் சுற்றுகிற ஒவ்வொருவர் பெயரிலும் தனி பாஸ் புத்தகம் கேளுங்கள். உள்ள புத்தகத்தைப் பக்கம் பக்கமாக மாதம் ஒருமுறை போனில் படமெடுத்து வையுங்கள். புத்தகம் மாற்றும்போது பழசைப் பீடிக் கடையில் கொடுத்துவிட்டால் பிறகு எந்த உதவிக்கும் ஆதாரம் இருக்காது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் டிஸ்சார்ஜ் சீட்டில் தொழில் என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று எழுத விடாமல் "பீடித் தொழிலாளி" என்று எழுதச் சொல்லுங்கள். சுகாதார நிலையத்தில் இருமலுக்குக் காட்டும்போதும் எத்தனை வருடமாகச் சுற்றுகிறீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லி, அதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.